இலை சுருண்ட மிளகாய்க் கன்றுகள்: பிடுங்குவதா, காப்பாற்றுவதா?

கிணற்றடி (கொக்குவில்), பெப்ரவரி 24

எல்லோருக்கும் வணக்கம். மார்கழி நடுவில் நாற்றுமேடை போட்டு, மழை ஓய்ந்த பிறகு தைப்பொங்கலோடு கன்றுகளை எடுத்து நட்டேன். மொத்தம் 18. பத்து எம்.ஐ. 2 இன மிளகாய், ஆறு கறிமிளகாய், இரண்டு கொச்சி மிளகாய். மிளகாய் பத்தும் வளவில் நிலத்தில் நிற்கின்றன. மற்ற எட்டும் மதிலோரம் பெயின்ட் வாளியிலும் உரப்பையிலும். நிலம் செம்மண். வாளிக்கு மட்டும் அதோடு மாட்டெருவும் தும்புச்சோறும் கலந்தேன்.

மூன்று கிழமை வடிவாக வளர்ந்தன. இப்போது பாதிக்கு மேற்பட்ட கன்றுகளில் குருத்து இலை சுருண்டு போய் நிற்கிறது. பக்கத்து வளவு அண்ணை பார்த்துவிட்டு, "இது சுருட்டை வியாதி பிள்ளை, எல்லாத்தையும் பிடுங்கி எரி" என்றார். கடையில் போய்க் கேட்டேன். என்ன மாதிரிச் சுருளுது என்று கூடக் கேட்காமல் ஒரு சின்னப் போத்தல் மருந்தைத் தந்து, எல்லாப் பூச்சிக்கும் கேட்கும் என்றார்கள். இரண்டு தடவை அடித்தேன். குறையவில்லை, கூடியது.

அம்மா இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்குச் சந்தையில் பச்சை மிளகாய் வாங்கியதே கிடையாது. அதை நினைத்துத்தான் இந்த வருடம் தொடங்கினேன். பிள்ளைகள் சாப்பிடும் காய்க்கு மேலும் மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது. பிடுங்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

உரும்பிராய்த் தோட்டம், பெப்ரவரி 24

வேப்பெண்ணெய் அடியுங்கள் அக்கா. சவர்க்காரத் தண்ணீரில் கலக்கி, பின்நேரம், இலையின் கீழ்ப்பக்கம் நனையும்படி.

மட்டுவில் வளவு, பெப்ரவரி 24

அடுப்புச் சாம்பல் தூவிப் பாருங்கள். எங்கள் ஆச்சி கத்தரிக்கும் மிளகாய்க்கும் விடியப்புறம் பனி ஈரத்தோடு தூவுவார். சாறு உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சிக்கு நன்றாகக் கேட்கும்.

இடைக்காட்டான், பெப்ரவரி 25

தங்கச்சி, ஒன்றும் அடிக்க வேண்டாம், ஒன்றையும் பிடுங்கவும் வேண்டாம். முதலில் ஒவ்வொரு கன்றாக நின்று பாருங்கள். இலை எந்தப் பக்கம் சுருளுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

இலையின் ஓரங்கள் மேல்நோக்கி எழும்பி, இலை ஒரு சின்ன வள்ளம் போல நின்றால் பெரும்பாலும் பனிப்பூச்சி. இலையில் வெள்ளிக்கோடு போல் சுரண்டின அடையாளம் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு பூவையும் குருத்தையும் தட்டுங்கள். ஊசிமுனை அளவில் மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ நீள் பூச்சிகள் விழுந்து ஓடும்.

ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, வள்ளத்தைக் கவிழ்த்து வைத்தது போல் இருந்தால் அது சிற்றுண்ணி. இலைக் காம்பு நீண்டு போகும், இலை ஒடுங்கும், அடிப்பக்கம் மினுங்கிக்கொண்டு செம்பு நிறமாகத் தடிக்கும். உண்ணி கண்ணுக்குத் தெரியாது. மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் வைக்கும் கண்ணாடி கிடைத்தால் பாருங்கள்.

மூன்றாவதுதான் பக்கத்து வளவுக்காரர் சொன்ன உண்மையான சுருட்டை. வெண் ஈ கொண்டு வரும் வைரசு. இலைகள் மிகச் சிறுத்து, நரம்பு தடித்து, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, கன்று பற்றைபோல் குறுகி நிற்கும். இதிலும் இலை மேல்நோக்கிச் சுருளலாம், ஆகவே சுருளலை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் முழுக் கன்றையும் பாருங்கள். இதற்கு மருந்து கிடையாது. அந்தக் கன்றை மட்டும் பிடுங்க வேண்டும்.

பிசுபிசுப்பும் எறும்பும் இருந்தால் அழுக்கணவன். அதற்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் ஐயா. 1970களில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்திருந்தபோது எங்கள் ஊரில் மிளகாய்தான் காசு. செத்தல் மிளகாய் காயப் போட்டால் முற்றம் முழுக்கச் சிவப்பாகக் கிடக்கும், தும்மாமல் வீட்டுக்குள் போக ஏலாது. மிளகாய்க் காசில் கல்வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு விலை விழுந்தது, பலர் கைவிட்டார்கள். ஐயா விடவில்லை. விடிய எழும்பினால் தேத்தண்ணி குடிக்க முதல் நாலு வரிசையில் இலை புரட்டிப் பார்ப்பார். 18 கன்றைப் புரட்டிப் பார்க்க உங்களுக்குக் கால் மணித்தியாலம் காணும்.

அறிவியல் நகர் மாணவி, பெப்ரவரி 25

இடைக்காட்டான் அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அக்கா, நீங்கள் அடித்த போத்தலில் என்ன பெயர் எழுதியிருக்கிறது? இமிடாகுளோப்பிரிட் என்றிருந்தால் அது சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கானது. சிற்றுண்ணி பூச்சியே இல்லை, எட்டுக் கால் உள்ள சிலந்திக் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்த மருந்து அதைக் கொல்லாது. உண்ணியைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்துப்போனால் உண்ணி இன்னும் பெருகும். இரண்டு தடவை அடித்த பிறகு கூடியது என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு அதுதான் யோசனை வந்தது.

சாம்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாம்பல் காரத்தன்மை உள்ளது, அதாவது அமிலத்துக்கு எதிர். கொக்குவில் இருக்கும் வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது, கிணற்றுத் தண்ணீரும் கல்லுத் தண்ணீர். ஏற்கெனவே காரத்தன்மை கூடிய இடத்தில் வாளிக்குள் சாம்பலைத் திரும்பத் திரும்பப் போட்டால் கன்றுக்கு இரும்புச் சத்து எட்டாமல் போகும். இலையில் மெல்லிசாக ஒரு தடவை தூவுவதில் பிழையில்லை.

மட்டுவில் வளவு, பெப்ரவரி 25

அது சரி. எங்கள் மண் மணற்பாங்கு, மழைக்குக் கழுவுப்பட்டுப் போகும். வாளிக்கு அப்படி நடக்காது என்பதை நான் யோசிக்கவில்லை.

கிணற்றடி, பெப்ரவரி 27

போத்தலைப் பார்த்தேன். தங்கச்சி சொன்ன அதே பெயர்தான்.

சித்தப்பா மணிக்கூடு திருத்துபவர், அவரிடம் கண்ணாடி வாங்கி வந்து நேற்றுக் காலை எல்லாவற்றையும் பார்த்தேன். ஒவ்வொரு கன்றிலும் நிறநூல் கட்டிவிட்டேன். 5 கன்றில் ஒன்றுமில்லை. 7 கன்றில் இலை கீழ்நோக்கி மடிந்திருக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் இலையடியில் பளிங்குத் துகள் போல் ஏதோ அசைகிறது. அதில் நாலு கறிமிளகாய். 3 கன்றில் வள்ளம் மாதிரி மேல்நோக்கி. தாளில் தட்டினால் பூச்சி விழுந்தது. ஒரு கொச்சியில் எறும்பும் அழுக்கணவனும். 2 கன்று, இரண்டும் வேலிக்கரையில் நிற்கும் மிளகாய், குறுகிப் பற்றையாக நிற்கின்றன. மற்றவை ஒன்றரை அடி வந்துவிட்டன, இவை ஒரு சாண்.

ஒரே வளவில் நாலு விதமான கரைச்சல்! நான் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை அடித்திருக்கிறேன்.

இடைக்காட்டான், பெப்ரவரி 27

வேலிக்கரை இரண்டையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உதறாமல், வெண் ஈ சோம்பிக் கிடக்கும் விடியவேளையில் மேலே ஒரு பையைக் கவிழ்த்து மூடிப் பிடுங்குங்கள். வளவு மூலையில் போட்டு வைக்காதீர்கள், எரியுங்கள் அல்லது ஆழமாகத் தாழுங்கள்.

கீழே மடிந்த ஏழுக்கும் தண்ணீரில் கலக்கி அடிக்கும் நனையும் கந்தகத் தூள். லேபிளில் போட்டிருக்கும் அளவுக்கு ஒரு சிட்டிகையும் கூட வேண்டாம். வெயில் தணிந்த பிறகு அடியுங்கள். இலைக்கு அடியில் படவேண்டும், மேலே எவ்வளவு அடித்தாலும் பிரயோசனமில்லை. 7 நாள் கழித்து இன்னொரு தடவை. மோசமாகச் சுருண்ட குருத்தைக் கிள்ளி அகற்றுங்கள், உண்ணி கூடுதலாக அதற்குள்தான் இருக்கும். கிள்ளிய கையைக் கழுவிவிட்டு மற்றக் கன்றைத் தொடுங்கள்.

உரும்பிராய்த் தோட்டம், பெப்ரவரி 27

ஒரு அவசரக் குறிப்பு. நான் மேலே வேப்பெண்ணெய் என்று எழுதினேன். அக்கா அதை அடித்திருந்தால் அந்தக் கன்றுக்கு இரண்டு கிழமை போகுமட்டும் கந்தகம் அடிக்கக் கூடாது. எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை கருகும். போன வருடம் என் கத்தரி ஒரு பாத்தி அப்படிப் போனது.

மேலே சுருண்ட மூன்றுக்கும் வேப்பங்கொட்டைச் சாறு போதும். உலர்ந்த பருப்பு 50 கிராம் இடித்து, துணியில் கட்டி, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, விடிய நன்றாகப் பிழிந்து வடித்தெடுங்கள். கொஞ்சம் சவர்க்காரம் கலந்து அன்று பின்நேரமே அடித்து முடியுங்கள். வைத்திருந்தால் வலு போய்விடும். வெயிலிலும் அது கெதியாகச் சிதையும்.

கிணற்றடி, பெப்ரவரி 28

நல்ல வேளை, வேப்பெண்ணெய் வாங்கித்தான் வைத்தேன், அடிக்கவில்லை.

வேலணைக் கரை, மார்ச் 2

என் பிரச்சினை வேறு, ஆனால் வாளியில் வைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். தீவகத்தில் தண்ணீர் உவர். என் கன்றுகளில் புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பசளை காணாது என்று நினைத்து யூரியா போட்டேன். மஞ்சள் மாறவில்லை, இலை நுனி கருகத் தொடங்கியது. வாளி விளிம்பில் வெள்ளையாகப் படை. பிறகு விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்துத்தான் விளங்கியது: பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, புது இலை மஞ்சளானால் இரும்பு போன்ற சத்து எட்டவில்லை. எனக்கு இரண்டாவது, அதோடு உப்பும் சேர்ந்திருக்கிறது.

செய்தது இதுதான். வாளியின் அடியில் இருந்த இரண்டு துளையை எட்டாக்கினேன். மாரியில் கூரைப் பீலித் தண்ணீர் பிடித்து வைத்த தாங்கியில் இருந்து வாளிக்கு ஏழெட்டு லீற்றர் ஊற்றி அடியால் ஓடவிட்டேன். இப்போது கிழமைக்கு ஒரு நாள் மழைத்தண்ணீர், மற்ற நாள் கிணற்றுத் தண்ணீர். தும்புச்சோறு வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு கலவுங்கள். அதிலும் உப்பு இருக்கும்.

இடைக்காட்டான், மார்ச் 2

யூரியா பற்றி வேலணைத் தம்பி எழுதியதை எல்லோரும் கவனியுங்கள். தழைச்சத்து கூடினால் கன்று கரும்பச்சையாக மதாளித்து நிற்கும், பூ பிடிக்காது. அந்த மெல்லிய இலைக்குத்தான் சாறு உறிஞ்சும் பூச்சி முதலில் வரும். அதோடு, நாங்கள் போடும் மிச்சப் பசளை எங்கே போகிறது? கல்லு இடுக்கால் நேரே கிணற்றுக்குள் போகிறது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்குத் தோட்டப் பசளையும் ஒரு காரணம். அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். எனக்கு இது பெரிய கவலை.

வீட்டுக்குப் பத்துக் கன்று வைக்க யூரியா தேவையே இல்லை. பூவரசங் குழை வெட்டித் தாழுங்கள், ஆடாதோடை, கிளிசரியா எதுவும் நல்லது. மேலே காய்ந்த இலை பரப்பி மூடுங்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது பெரிய தோட்டக்காரர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன், நானும் பட்டேன். ஆகவே எல்லோரும் நாளைக்கே எல்லாவற்றையும் விட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நான் சொல்வது வீட்டு வளவுக்கு.

ரொறன்ரோ பல்கனி, மார்ச் 4

வாசிக்க வாசிக்க ஊர் ஞாபகம். இங்கே மார்ச் மாதம் வீட்டுக்குள் விளக்கின் கீழ் விதை போட்டு, மே கடைசியில் பனி பயம் போன பிறகுதான் வெளியே வைப்போம். ஒரு கொச்சிக் கன்றை குளிர்காலம் முழுக்க யன்னலோரம் வைத்து மூன்றாவது வருடமாகக் காப்பாற்றி வருகிறேன். மிளகாய் ஒரு பருவத்தோடு சாகிற செடி இல்லை என்று எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும்.

ஒரு கேள்வி. இங்கே கடையில் கிடைக்கும் பெரிய சிவப்பு, மஞ்சள் குடைமிளகாயின் விதையை அக்காவுக்கு அனுப்பினால் யாழ்ப்பாணத்தில் வருமா?

அறிவியல் நகர் மாணவி, மார்ச் 4

அனுப்ப வேண்டாம் அண்ணா. வெளிநாட்டு விதையை அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது, அதோடு புதிய நோயும் சேர்ந்து வரலாம். வந்தாலும் குடைமிளகாய்க்கு இரவு குளிர வேண்டும். எங்கள் சித்திரை வைகாசி இரவில் பூவெல்லாம் கொட்டிவிடும். இலங்கையில் அதை நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கூடாரங்களுக்குள் வளர்க்கிறார்கள். எங்களுக்குக் கறிமிளகாய்தான் சரி. அதுவும் குடைமிளகாயும் ஒரே இனம்தான், வெக்கையைத் தாங்குவதில்தான் வித்தியாசம்.

கிணற்றடி, மார்ச் 19

வேலிக்கரை இரண்டையும் பிடுங்கி எரித்தேன். கந்தகம் இரண்டு தடவை அடித்தேன். சுருண்ட பழைய இலைகள் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் ஏழில் ஆறு கன்றில் புதிதாக வந்த இலை விரிந்து நேராக நிற்கிறது. இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை. ஏழாவது கன்று ஒரு கறிமிளகாய், எழும்பவில்லை. பனிப்பூச்சிக் கன்று மூன்றும் பரவாயில்லை. கொச்சியில் அழுக்கணவன் தண்ணீர் பீய்ச்சியதிலேயே போய்விட்டது.

இடைக்காட்டான், மார்ச் 19

பழைய இலை திரும்பாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். குருத்தை மட்டும் பாருங்கள். எழும்பாத கறிமிளகாயை எடுத்துவிடுங்கள்.

கிணற்றடி, ஏப்ரல் 17

மிளகாய் பறிக்கத் தொடங்கிவிட்டேன். வருடப்பிறப்பு அன்று சமையலுக்கு எங்கள் வளவு மிளகாய்தான்! இப்போது வேறு கவலை. நாலைந்து நாளாகப் பூ நிறையக் கொட்டுகிறது. பூச்சி ஒன்றும் இல்லை, தாளில் தட்டிப் பார்த்தேன்.

மட்டுவில் வளவு, ஏப்ரல் 17

சித்திரை வெயில் அக்கா. இந்த நாட்களில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. மதிலோரம் வாளியில் நிற்பவைதான் கூடக் கொட்டுகின்றனவா? மதில் பகல் முழுக்கக் குடித்த வெக்கையை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும்.

கிணற்றடி, ஏப்ரல் 17

ஓம், வாளிகள்தான் கூட.

மட்டுவில் வளவு, ஏப்ரல் 18

மதிலை விட்டு நாலடி தள்ளி முருங்கைக்குக் கீழே வையுங்கள், இரண்டு மணிக்குப் பிறகு நிழல் விழும்படி. வாளியைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டுங்கள். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் விடிய ஒன்று, பின்நேரம் ஒன்று. அடுத்த மாதம் சோளகக் காற்றுத் தொடங்கினால் வாளி மண் இன்னும் கெதியாகக் காயும், இப்போதே ஒவ்வொன்றுக்கும் பூவரசந் தடி ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

ரொறன்ரோ பல்கனி, ஏப்ரல் 20

கொச்சி காய்த்ததா அக்கா? அதன் விதையை எடுத்துவிட்டால் உறைப்புக் குறையும் என்று மனைவி சொல்கிறார். உண்மையா?

அறிவியல் நகர் மாணவி, ஏப்ரல் 20

உறைப்பு விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் கப்சேசின் உண்டாகிறது. விதையை எடுக்கும்போது அந்தத் தசையும் சேர்ந்து போவதால் உறைப்புக் குறைகிறது. கையில் எரிந்தால் தண்ணீரில் கழுவ வேண்டாம், அது தண்ணீரில் கரையாது. முதலில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள். பறவைகளுக்கு இந்த உறைப்புத் தெரியாது. வளவில் நாங்கள் நடாத இடத்திலும் கொச்சி முளைப்பது அதனால்தான்.

இது எங்கள் காய் என்றே நினைக்கிறோம், ஆனால் போர்த்துக்கீசர் அமெரிக்கக் கண்டத்துச் செடியை இந்தப் பக்கம் கொண்டுவரும் வரைக்கும் எங்கள் ஆட்களுக்கு உறைப்பு என்றால் மிளகுதான். பெயரிலேயே அது இருக்கிறது: மிளகு போல் உறைக்கும் காய்.

கிணற்றடி, மே 23

நிற்கும் 15 கன்றும் காய்க்கின்றன. கிழமைக்கு இரண்டு தடவை பறிக்கிறேன், எங்களுக்கும் பக்கத்து வளவு அண்ணைக்கும் காணும். அவர் இப்போது தன் கன்றிலும் இலை புரட்டிப் பார்க்கிறார், சித்தப்பாவின் கண்ணாடி அவரிடம்தான் இருக்கிறது.

மிஞ்சியதில் மோர் மிளகாய் போட்டேன். அம்மா செய்தது போலவே காம்போடு பறித்து, பக்கவாட்டில் ஒரு கீறல், புளித்த தயிரில் உப்புப் போட்டு ஊறவிட்டு, பகலில் சுளகில் காய வைத்து, பின்நேரம் திரும்பத் தயிருக்குள். தயிர் முழுக்க இழுபட்டு முடிய நாலு நாள் ஆனது. பிறகு சலசலவென்று காயும்வரை வெயில். பொரிக்கும்போது வந்த வாசத்துக்குப் பிள்ளைகள் குசினிக்குள் ஓடி வந்தார்கள். அம்மா தயிரோடு வேறு ஏதோ சேர்ப்பார், அது மட்டும் பிடிபடவில்லை.

மட்டுவில் வளவு, மே 23

எங்கள் வீட்டில் வெந்தயம் இடித்துப் போடுவோம், கொஞ்சமாக. அதுவாக இருக்குமோ?

கிணற்றடி, மே 24

அதுதான்! அந்தச் சின்னக் கைப்பு. நன்றி அக்கா.

விதைக்கு இரண்டு கன்று ஒதுக்க வேண்டும் என்று யோசிக்கிறேன். எப்படித் தெரிவு செய்வது?

இடைக்காட்டான், மே 24

தொடக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் நின்ற ஐந்தில் இருந்து எடுங்கள். முதல் பறிப்புக் காயும் வேண்டாம், கடைசிக் காயும் வேண்டாம், நடுவில் வரும் நல்ல நேரான காயை மரத்திலேயே சிவக்க விடுங்கள். கொச்சியோ கறிமிளகாயோ பக்கத்தில் நின்றால் தேனீ மாற்றிவிடும். ஆகவே பூக்க முதல் ஒரு கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டி, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்து, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பழத்தை நிழலில் உலர்த்தி விதை எடுத்து, போத்தலில் கொஞ்சம் சாம்பலோடு போட்டு இறுக மூடுங்கள். மட்டுவில்காரரின் சாம்பலுக்கு இதுதான் சரியான இடம்.

வேலணைக் கரை, மே 25

அக்கா, உவர்த் தண்ணீரில் அந்தக் கன்று எப்படி நிற்கும் என்று பார்க்க எனக்கும் கொஞ்ச விதை தருவீர்களா? கார்த்திகை கடைசியில் யாழ்ப்பாணம் வருவேன்.

கிணற்றடி, மே 25

கட்டாயம் தம்பி. மூன்றாவது வரிசையில் கிணற்றுப் பக்கம் நிற்கும் கன்றில் இன்று காலை பை கட்டிவிட்டேன், பச்சை நூல். ஒரு தீப்பெட்டி நிறைய உங்களுக்கு.